அப்பாவின் போனில் நண்டு வளை தேடிய கதை

மாட்டுப் பொங்கலன்று அப்பா இலை முன் உட்கார்ந்து முதல் கவளம் எடுப்பதற்குள் போன் இரண்டு முறை அடித்துவிட்டது. முதல் அழைப்பு வழக்கமான தனிநபர் கடன். இரண்டாவதுதான் உறுத்தியது. ஒரு பெண் குரல் அப்பா பெயரைத் தப்பில்லாமல் சொல்லி, "ஒரு ஹெக்டேருக்குப் பக்கமா நிலம் வச்சிருக்கீங்க சார், உங்க நகைக்கடனைக் குறைஞ்ச வட்டிக்கு மாத்தித் தர்றோம்" என்றது. அப்பா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஹெக்டேராம்ல தம்பி."

எங்கள் ஊர் மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் இருக்கிறது. நிலத்தை மா கணக்கில் சொல்வோம், பெரிய பண்ணை என்றால் வேலி. வெளியாளிடம் பேசும்போது ஏக்கர். ஹெக்டேர் என்ற சொல் எங்களுக்கு ஒரே இடத்தில்தான் கண்ணில் படும், நிலம் யார் பெயரில் எவ்வளவு என்று காட்டும் சிட்டாவில். சிட்டாவை யார் வேண்டுமானாலும் இணையத்தில் எடுத்துப் பார்க்கலாம் என்பது சரிதான். ஆனால் சிட்டாவில் போன் நம்பர் கிடையாது. அப்படியானால் சிட்டாவும் நம்பரும் சேர்ந்திருந்த காகிதக் கட்டு ஒன்று எங்கேயோ கைமாறியிருக்க வேண்டும். கடைசியாக அப்படி ஒரு கட்டு வீட்டைவிட்டுப் போனது ஐப்பசியில், சம்பா பயிருக்குக் காப்பீடு கட்டியபோது: ஆதார், சிட்டா, அடங்கல், பாஸ்புக் முதல் பக்கம். ஓரத்தில் பேனாவால் நம்பர்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. திருச்சியில் ஒரு பட்டறையில் சிஎன்சி மெஷின் பார்க்கிறேன். மெஷினில் எண்ணெய் கசிந்தால் உடனே எதையும் கழற்ற மாட்டோம். சுத்தமாகத் துடைத்துவிட்டு, மறுபடி எங்கே முதலில் ஈரம் பூக்கிறது என்று பார்ப்போம். அப்பாவிடம் அதைச் சொன்னேன். அவருக்கு மெஷின் தெரியாது. "நண்டு வளை தேடுற மாதிரின்னு சொல்லு" என்றார். ராத்திரி கட்டிய தண்ணீர் காலையில் வயலில் இல்லையென்றால் வரப்போரமாக நடந்து வளையைத் தேடுவார்கள். பக்கத்து வயலில் எங்கே ஈரம் என்று பார்த்தால் வளை எங்கே என்று தெரிந்துவிடும். எனக்கு அந்த உவமை பிடித்துப்போய் இந்த லீவு முழுக்க அதிலேயே ஓட்டினோம்.

அன்று சாயங்காலம் மாட்டுக்குப் பொங்கல் வைத்த கையோடு திண்ணையில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். எதையும் அழிக்கவில்லை. பழைய டைரியின் பின்பக்கத்தில் எழுத மட்டும் செய்தேன். மொத்தம் 61 செயலிகள். அப்பா தெரிந்து பயன்படுத்துவது 6. மீதியில் பாதி போனோடு வந்தவை, பாதி எப்படி வந்தன என்றே அவருக்குத் தெரியாது.

செட்டிங்ஸில் அனுமதி மேலாளர் என்று ஒரு பக்கம் இருக்கிறது. (என் போனில் இருக்கும் பெயரைச் சொல்கிறேன், உங்கள் கம்பெனி போனில் வேறு தமிழ் போட்டிருப்பார்கள்.) செயலிவாரியாகப் பார்ப்பதைவிட அனுமதிவாரியாகப் பார்ப்பது நல்லது. "தொடர்புகள்" என்று தொட்டால் அதை யார் யார் படிக்கிறார்கள் என்று வரிசையாக வந்துவிடும். டார்ச் செயலி வந்தது. போனிலேயே டார்ச் இருக்கும்போது இது எதற்கு என்று தெரியவில்லை. ஒரு தினக்காலண்டர், ராகுகாலம் சொல்ல எதற்கோ இருப்பிடம், தொடர்புகள் இரண்டையும் வாங்கி வைத்திருந்தது. எஸ்எம்எஸ் அனுமதி 4 பேரிடம். இந்த எஸ்எம்எஸ் அனுமதியைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பயப்படுகிறேன். ஓடிபி வருவது அங்கேதான்.

அழைப்பது யார் என்று பெயர் காட்டும் செயலி ஒன்றும் இருந்தது. அக்கா மகன் போட்டுக் கொடுத்ததாம். அந்தப் பெயர்கள் எங்கிருந்து வருகின்றன என்று அப்பாவிடம் விளக்கினேன்: நீங்கள் உங்கள் தொடர்புப் பட்டியலைக் கொடுக்கிறீர்கள், இன்னொருவர் அவருடையதைக் கொடுக்கிறார், எல்லாம் ஒரே களத்தில் கொட்டப்படுகிறது. அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "அப்போ அந்த ஏடிஎம்மும் போயிருக்குமா?" என்றார்.

எந்த ஏடிஎம்?

தொடர்புகளில் "ஏ" என்ற எழுத்துக்குப் போனேன். "ஏடிஎம் அப்பா" என்று ஒரு பெயர், அதற்கு நேரே 4 இலக்க எண். அதற்குக் கீழே "ஏடிஎம் அம்மா". ரகசிய எண் மறக்கக் கூடாது என்று போன் நம்பர்போலச் சேமித்து வைத்திருக்கிறார். இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்கள் போனில் ஒருமுறை தேடிவிட்டுச் சிரிக்கலாம். நான் அதற்குப் பிறகு சித்தப்பா போனிலும் பார்த்தேன். அவர் கொஞ்சம் கெட்டிக்காரர், "பால்காரர் புதுசு" என்று வைத்திருந்தார்.

அந்தச் செயலியை அப்படியே தூக்கிப் போட்டால் போதாது. முதலில் உள்ளே போய்க் கணக்கை அழிக்க வேண்டும், அப்புறம் அவர்கள் தளத்தில் நம் நம்பரைப் பட்டியலிலிருந்து எடுக்கும் பக்கத்துக்குப் போக வேண்டும், அதன் பிறகுதான் செயலியை நீக்க வேண்டும். வரிசை மாறினால் நம்பர் அங்கேயே தங்கிவிடும். மறுநாள் காலையில் ஏடிஎம்முக்குப் போய் இரண்டு கார்டுக்கும் எண்ணை மாற்றினோம். புது எண் என்ன என்று நான் கேட்கவில்லை.

பட்டியலில் மிச்சம் இருந்தவை சின்னச் சின்ன வேலைகள். விளம்பரக்காரர்கள் நம் போனை அடையாளம் கண்டுகொள்ள விளம்பர அடையாள எண் என்று ஒன்று இருக்கிறது, ஆண்ட்ராய்டு 12 வந்த காலத்திலிருந்து அதை ஒரேயடியாக அழிக்க வழி கொடுத்திருக்கிறார்கள். கூகுள் செட்டிங்ஸில் விளம்பரங்கள் என்ற பக்கத்தில் இருக்கிறது, அழித்தேன். நெல் விலை பார்க்கப் போன தளங்களில் எல்லாம் "அனுமதி" என்று அமுக்கி அமுக்கி, குரோம் வழியாக நாள் முழுக்க அறிவிப்புகள் வந்துகொண்டிருந்தன. அப்பா அதை வைரஸ் என்று நினைத்து ஒரு கடையில் 300 ரூபாய் கொடுத்துச் சரிபார்த்திருக்கிறார். குரோமின் தள அமைப்புகளில் அறிவிப்புகளை நிறுத்த எனக்கு 1 நிமிடம் ஆனது. அந்த 300 ரூபாயைப் பற்றி அம்மா இன்னும் பேசுகிறார்.

டவுன்லோடு பெட்டியில் ஒரு ஏபிகே கோப்பு, அதாவது பிளே ஸ்டோர் வழியாக இல்லாமல் நேரடியாகச் செயலி நிறுவும் கோப்பு, கிடந்தது. பி.எம். கிசான் பெயர், அதே பச்சை முத்திரை மாதிரி ஒன்று. வருடத்துக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை வரும் திட்டம். "தவணை நின்றுபோகும், உடனே இதை இறக்கிக் கேஒய்சி முடியுங்கள்" என்ற செய்தியோடு விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் வந்திருக்கிறது. அப்பா அமுக்கியிருக்கிறார். வாட்ஸ்அப்பிலிருந்து செயலி நிறுவும் அனுமதி போனில் மூடியிருந்ததால் உள்ளே போகவில்லை. அதிர்ஷ்டம்தான். இப்படிப்பட்ட கோப்புகள் உள்ளே போனதும் முதலில் கேட்பது அந்த எஸ்எம்எஸ் அனுமதியைத்தான். "தெரியாத செயலிகளை நிறுவுதல்" என்ற பக்கத்தில் குரோம், வாட்ஸ்அப், கோப்பு மேலாளர் மூன்றும் மூடியிருக்கிறதா என்று இன்னொருமுறை பார்த்தேன். வாட்ஸ்அப்பில் படமும் கோப்பும் தானாக இறங்குவதையும் நிறுத்தினேன்.

வாட்ஸ்அப்பில் இருக்கும்போதே "இணைக்கப்பட்ட சாதனங்கள்" பக்கத்தையும் திறந்தேன். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது. அங்கே இரண்டு இருந்தன. ஒன்று குரோம், விண்டோஸ், 9 நாளுக்கு முன் இயங்கியது. இன்னொன்று எட்ஜ், விண்டோஸ், கடைசியாக இயங்கியது இன்று காலை 11:40. அப்பா வாட்ஸ்அப்பில் யாருக்கு என்ன அனுப்பினாலும் அந்தத் திரையில் வந்துகொண்டிருந்திருக்கிறது, இரண்டரை மாதமாக.

"வளை அகப்பட்டுச்சு" என்றேன். வெளியேற்றுவது ஒரு தொடுதல்தான். ஆனால் படம் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு வெளியேற்றினேன். எந்தக் கடை என்று அப்பாவுக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது.

காணும் பொங்கலன்று நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டு 9 முதல் வந்த போன்களில் தனிப்பட்ட டிஎன்எஸ் என்று ஒரு வசதி உண்டு. நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால் அதன் எண் முகவரி என்ன என்று போன் யாரிடமாவது கேட்க வேண்டும், அதுதான் டிஎன்எஸ். சாதாரணமாக இது நெட் கொடுக்கும் கம்பெனியிடம், திறந்த அஞ்சலட்டைபோலப் போகும். இந்த வசதியைப் போட்டால் அதே கேள்வி 853 என்ற வாசல் வழியாகக் குறியாக்கம் செய்யப்பட்டு, நாம் சொல்லும் ஆளிடம் போகும். கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 மாதிரி வெறுமனே பதில் சொல்பவர்கள் உண்டு. ஆட்கார்டு மாதிரி, விளம்பரம், உளவு பார்க்கும் தளங்களின் பெயரைக் கேட்டால் "அப்படி ஒன்று இல்லை" என்று சொல்லிவிடுபவர்களும் உண்டு. அப்பாவுக்கு இரண்டாவதுதான் தேவை. 61 செயலிகளில் எதை விட்டுவைத்தாலும் அது வெளியே பேசப் போகும் வாசலிலேயே ஒரு ஆள் நிற்பான்.

ஆட்கார்டின் முகவரியில் நடுவே ஒரு சிறு இணைப்புக் கோடு வரும். அதை விட்டுவிட்டேன். போன் ஒன்றும் கத்தவில்லை. நான் சரியாகிவிட்டது என்று நினைத்து, பாமணியாற்றுப் பக்கம் கூட்டாளிகளோடு போய்விட்டேன். தப்பான முகவரி கொடுத்தால் போன் பழைய வழிக்குத் திரும்பாது, எந்தப் பெயருக்கும் பதில் கிடைக்காமல் நெட் மொத்தமாக நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியாது. அன்று மத்தியானம்தான் அறுப்பு மெஷின்காரர் வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறார், நாளன்றைக்கு நம் பக்கம் வருகிறேன், உங்கள் வயலும் உண்டா என்று. பதில் வரவில்லை என்று வேறு ஊருக்கு ஒப்புக்கொண்டுவிட்டார். ஈர வயல், பெல்ட் மெஷின்தான் இறங்கும். சீசனில் அது கிடைப்பது எவ்வளவு பாடு என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா திட்டவில்லை. "உன் காவக்காரன் நம்மளையே உள்ள விடல" என்று மட்டும் சொன்னார். கோட்டைச் சேர்த்ததும் எல்லாம் வந்தது. மெஷின் 6 நாள் தள்ளி வந்தது.

இதை நீங்களும் போட்டால், போட்ட கையோடு வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் ஒருமுறை, டேட்டாவை அணைத்து வைஃபையில் ஒருமுறை, நான்கு தளம் திறந்து பாருங்கள். வங்கிச் செயலியையும் திறந்து பாருங்கள். இன்னொன்று, இதனால் எல்லாம் மறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். எந்தச் சர்வரோடு பேசுகிறோம் என்பது நெட் கம்பெனிக்கு இன்னும் தெரியும். யூடியூப் விளம்பரமும் நிற்காது, அது படம் வரும் அதே இடத்திலிருந்து வருகிறது. நம் நெட் போக்குவரத்தை மூடிய குழாய்போல இன்னொரு கம்பெனி வழியாக அனுப்பும் விபிஎன் போட்டால் என்ன என்றான் அக்கா மகன். போடலாம், ஆனால் பார்க்கிற கண் நெட் கம்பெனியிலிருந்து விபிஎன் கம்பெனிக்கு மாறுகிறது, அவ்வளவுதான். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், விபிஎன் நடத்துவோர் வாடிக்கையாளர் விவரத்தை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டதும் சில நிறுவனங்கள் இந்தியாவில் இருந்த சர்வர்களையே எடுத்துக்கொண்டு போய்விட்டன. இலவச விபிஎன்களை நான் தொடுவதில்லை.

மறுநாள் ஜெராக்ஸ் கடை. கடையின் பெயரும் தெருவும் இங்கே வேண்டாம், ஏனென்றால் அந்த அண்ணன் கெட்டவர் இல்லை. படத்தைக் காட்டினேன். அவருக்கே அதிர்ச்சிதான். ஒரு பிரவுசரில் ஒரு நேரத்துக்கு ஒருவர் வாட்ஸ்அப்தான் நிற்கும் என்பதால், கூட்ட நேரத்தில் குரோமில் ஒருவர், எட்ஜில் ஒருவர், ஃபயர்பாக்ஸில் ஒருவர் என்று மூன்று வரிசை நடத்தியிருக்கிறார். எட்ஜை யாரும் அதிகம் தொடுவதில்லை. காப்பீடு கட்டின கடைசி நாள் கூட்டத்தில் அப்பா ஸ்கேன் செய்துவிட்டு, பிரிண்ட் வாங்கிக்கொண்டு பஸ் பிடித்துவிட்டார்.

"என்ன தம்பி, நம்ம ஆளுங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு" என்றார் அண்ணன். நான் பதில் சொல்வதற்குள் அப்பா, "ரேஷன் கார்டை வாசல்ல ஒட்டி வைப்பியாப்பா?" என்று கேட்டுவிட்டார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தில் 9 நீதிபதிகள் ஒருமித்துச் சொன்னது 2017 ஆகஸ்ட் 24-இல். அந்த வழக்கே ஆதாரை எதிர்த்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012-இல் போட்டதில் இருந்து வந்தது. அதையெல்லாம் ஜெராக்ஸ் கடையில் சொல்லி ஆகப்போவது என்ன, அப்பாவின் கேள்வியே போதுமாக இருந்தது.

அவர் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் பெட்டியைத் திறந்தோம். கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. ஆதார், பாஸ்புக், சாதிச் சான்றிதழ், ஒரு பெண்ணின் ஸ்கேன் ரிப்போர்ட். இ-ஆதார் கோப்பில் பூட்டு இருக்கிறதே என்று அண்ணன் சொன்னார். அந்தப் பூட்டின் சாவி, பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும். ஊரில் யார் பெயரும் வயசும் யாருக்குத் தெரியாது?

டீ வரவழைத்தார். ஒரு மணி நேரம் அவர் சீட்டில் உட்கார்ந்து செய்தது இது. விண்டோஸில் ஸ்டோரேஜ் சென்ஸ் என்ற வசதியைப் போட்டு, தினமும் ஓட வைத்து, டவுன்லோட்ஸில் 1 நாளுக்கு மேல் திறக்காமல் கிடப்பதை அழிக்கச் சொன்னேன். அவருடைய சொந்தக் கோப்புகளை அதற்கு முன்பே வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டோம், இல்லாவிட்டால் அவர் கடை ரசீதும் போய்விடும். குரோமை விருந்தினர் சாளரத்தில் திறக்க டெஸ்க்டாப்பில் ஒரு குறுக்குவழி வைத்தேன். அந்தச் சாளரத்தை மூடினால் உள்ளே நுழைந்திருந்த வாட்ஸ்அப், ஜிமெயில் எல்லாம் தானாக வெளியேறிவிடும். இறக்கிய கோப்பு மட்டும் போகாது, அதை ராத்திரி ஸ்டோரேஜ் சென்ஸ் பார்த்துக்கொள்ளும். அண்ணன் தானாகவே ஒரு அட்டையில் "வாட்ஸ்அப் லாக் அவுட் பண்ணிட்டுப் போகவும்" என்று எழுதித் திரைக்கு மேல் ஒட்டினார். இவர் கடையிலிருந்துதான் அந்த ஹெக்டேர் போனது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. பக்கத்தில் ஈரம் இருந்தது, அவ்வளவுதான்.

ஏனென்றால் இன்னொரு பெரிய வளை இருந்தது. விவசாயிகள் குழுவில் 230 பேர். காப்பீடு நேரத்தில் யாரோ "எல்லாரும் இங்கேயே போட்டுவிடுங்கள், மொத்தமாகப் பதிந்துவிடலாம்" என்று எழுதியிருக்கிறார்கள். ஆளாளுக்கு ஆதாரும் சிட்டாவும் வரிசையாக. அப்பாவுடையதும். நம்பர் தனியாக எழுத வேண்டிய அவசியமே இல்லை, அனுப்பினவர் நம்பர் மேலேயே இருக்கிறது. இரண்டு நாளுக்குச் சற்று மேல் ஆகிவிட்டால் "எல்லோருக்கும் அழி" வேலை செய்யாது. நம் போனில் அழித்துக்கொள்ளலாம், அது கண்ணை மூடிக்கொள்வது மாதிரிதான்.

அன்று ராத்திரி கடைசி வேலைகள். வாட்ஸ்அப்பில் 6 இலக்க இரண்டாம் பூட்டு. அறிமுகம் இல்லாதவர்கள் குழுவில் சேர்க்க முடியாதபடி. விளம்பர அழைப்புகள் வேண்டாம் என்று பதியும் 1909-க்கு "ஸ்டார்ட் 0" என்று ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ். இது பதிவு செய்த விளம்பரக்காரர்களை நிறுத்தும், சாதாரண 10 இலக்க நம்பரிலிருந்து வரும் கடன்காரக் குரல்களை நிறுத்தாது. வங்கி, காப்பீட்டு நிறுவனங்கள் சேவைக்காக அழைக்க 1600-இல் தொடங்கும் வரிசை ஒதுக்கப்பட்டிருப்பதை அப்பாவுக்குச் சொல்லி வைத்தேன். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அப்பா பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்த்தோம். ஒருவர் பெயரில் 9 வரை இருக்கலாம். அப்பா பெயரில் 3 இருந்தன. ஒன்று அவருடையது, ஒன்று அம்மாவுடையது. மூன்றாவதன் கடைசி எண்களைப் பார்த்ததும் "இது என்னுடையது இல்லை" என்று அழுத்தப் போன விரலை நிறுத்தினேன். திருச்சியில் நான் வைத்திருக்கும் என்னுடைய நம்பரேதான். காலேஜ் சேர்ந்தபோது அப்பா பெயரில் வாங்கியது.

ஆதார் கைரேகைப் பூட்டையும் அன்றுதான் போட்டேன், எம்ஆதார் செயலியில், அப்பா அம்மா இருவருக்கும். ஆதார் எண்ணும் ரேகையும் வங்கிப் பெயரும் இருந்தால் ஓடிபி இல்லாமலே பணம் எடுக்கும் வழி ஒன்று இருக்கிறது. நம்மிடம் ரேகையைத் தவிர மற்ற இரண்டும் ஏற்கெனவே வெளியே போய்விட்டன. பெருமையாகத்தான் திருச்சிக்குப் பஸ் ஏறினேன்.

அடுத்த வாரம் அம்மாவிடமிருந்து போன். ரேஷன் கடையில் விரல் வைத்தால் மெஷின் எடுக்கவில்லை, 330 என்று வருகிறதாம். பின்னால் 20 பேர் நிற்கிறார்கள். கையில் வெடிப்பு என்று நினைத்து அந்தக் கடைக்காரர் விரலை ஈரத்துணியில் துடைக்கச் சொல்லி 5 தடவை முயன்றிருக்கிறார். 330 என்றால் ரேகையை உரியவரே பூட்டி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். "உன் பூட்டைத் தொறடா, அரிசி வாங்கணும்" என்றார் அம்மா. ஓடிபி அவர் போனுக்கு வந்து, அவர் அதை எனக்குப் படித்து, அப்பாவிடம் யாருக்கும் ஓடிபி சொல்லக் கூடாது என்று நான் மூன்று நாள் பாடம் எடுத்திருக்கிறேன் என்பது இருவருக்கும் நினைவு வந்தும், தற்காலிகமாகத் திறந்தோம். கொஞ்ச நேரத்தில் அது தானே பூட்டிக்கொள்ளும். இப்போது அம்மாவுடையதைத் திறந்தே வைத்திருக்கிறேன், அப்பாவுடையது பூட்டியிருக்கிறது. ரேஷனுக்கு வீட்டில் ஒரு விரல் போதும்.

போன வாரம் அப்பா ஒரு அலுவலகத்துக்கு ஆதார் நகல் கொடுக்கப் போனார். கடைசி 4 எண் மட்டும் தெரியும் மறைத்த நகலைத்தான் முதலில் நீட்டியிருக்கிறார். முழு எண் வேண்டும் என்று திருப்பிவிட்டார்கள். முழு நகலை எடுத்து, படத்துக்குக் குறுக்கே, எழுத்து தெரியுமளவுக்கு, என்ன வேலைக்கு, எந்தத் தேதியில் என்று பேனாவால் எழுதிக் கொடுத்திருக்கிறார். எழுத்தர் முகத்தைச் சுளித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாராம்.

கடன் அழைப்புகள் நாளுக்கு ஐந்தாறு என்று இருந்தவை ஒன்று, இரண்டு என்று வருகின்றன. குழுவில் ஐப்பசியில் போட்ட அந்தப் படம் இன்னும் 230 போன்களில் கிடக்கிறது.